எட்டாத தண்ணீர்

பதுளைக்கு அப்போது இன்னும் ரயில் வரவில்லை. தெமோதரை வரைக்கும் வந்து நின்றிருந்தது. அந்த வருஷத்து ஆடிக் காற்றில்தான் இது நடந்தது. என்ன காற்று அது! காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துத் தோட்டத்தில் போய்ப் பொறுக்கினேன்... சரி, அதை விடுங்கள்.

அதற்கு முந்தின வருஷம் ஒரு நாள், எல்லாரும் வரிசையில் நிற்கும் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் முன்பு, பெரிய கங்காணி தொண்டையைக் கனைத்தார்.

"தொரை நம்ம உசுருக்காகத்தான் தீயணைக்கிற பம்பு வாங்குறாரு. ஆளுக்குக் கொஞ்சம் சம்பளத்துல புடிப்பாங்க. யாரும் மொணங்கப்படாது."

"மொதல்ல கங்காணி மீசையில தண்ணிய அடிச்சுக் காட்டட்டும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

சரிவுக்குக் கீழே வரிசை வீடுகளாய் இருக்கும் கீழ் லயத்து வீராயி மட்டும் சிரிக்கவில்லை. புருஷன் காய்ச்சலில் போனபின், கொழுந்தெடுத்த கூலியோடு ஒரு பசுமாட்டை வைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள்.

"எங்க லயத்துல தீ புடிச்சா பம்புத் தண்ணி வருமா மாமா?"

"வராம? ஒங்க காசு புள்ள அது!"

நம்பினோம். ஏன் நம்பமாட்டோம்?

பம்பு வந்தது. இரண்டு பக்கமும் ஆள் நின்று கையால் அடிக்கிற பம்பு. தேயிலை அரைக்கிற ஸ்டோரின் தொட்டியோரம் நிறுத்தினார்கள். நாங்கள் சும்மா இருப்போமா? ஆயுத பூசைக்குச் சந்தனம், குங்குமம், மாலை. 'கங்கையம்மா' என்று பெயர் வேறு! ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. ஸ்டோர்க் கூரையில் தண்ணீர் விழும், கைதட்டுவோம். ஒரு நாளாவது குழாயை லயத்துப் பக்கம் இழுத்துப் பார்த்தோமா? இல்லை. சாமியைச் சோதித்துப் பார்ப்பார்களா?

அந்த ஆடியில், புல்லு மலையில் மாடு மேய்க்கிறவன் எவனோ புதுப் புல் முளைக்கட்டும் என்று வைத்த தீ, காற்றோடு இறங்கிக் கீழ் லயத்தைப் பிடித்தது. மானாப்புல் கூரை... கேட்க வேண்டுமா? பிள்ளைகளை வெளியே இழுத்துவிட்டார்கள். வீராயியின் மாடு லயத்துக் கோடிக் கொட்டகையில், கட்டின கட்டோடு கத்துகிறது.

குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பம்பைத் தொட்டியை விட்டு நகர்த்த முடியாது — உறிஞ்சுவதற்குத் தண்ணீர் அங்கேதான் இருக்கிறது. பாதிச் சரிவில் குழாயின் நீளம் முடிந்து, விறைத்து நின்றுவிட்டது. தண்ணீர் பீய்ச்சியது, தேயிலைச் செடி மேல். வீராயி குழாயின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் விடுங்கண்ணே... இன்னும் கொஞ்சம்!"

"அம்புட்டுத்தான் தங்கச்சி."

மேலிருந்து துரை கத்தினார். குழாய் கிழிந்துவிடுமாம். திரும்பக் கொண்டுவந்து ஸ்டோர்க் கூரையை நனைக்கச் சொன்னார். தீ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை! ஆனாலும் ஸ்டோர் நன்றாக நனைந்தது. வாளியோடு ஓடியவர்கள் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாட்டின் சத்தம் நின்றிருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெரட்டில் வீராயி கேட்டாள்.

"கொழாய் ஏன் மாமா வரல?"

கங்காணி தரையைப் பார்த்தார். "ஸ்டோருக்கு அளந்து வாங்குனது புள்ள. லயத்துக்கும் வேணும்னா... இன்னும் கொஞ்சம் புடிக்கணும்."

"மாட்டுக்குக் கயிறு வாங்குனாக்கூட, புல்லு இருக்குற எடம் வரைக்கும் அளந்துதான் மாமா வாங்குவோம். நாங்க அந்த மாட்டை விடவும் கேவலமா?"

சங்கு ஊதினார்கள், மலைக்கு வேலைக்குப் போனோம். அந்த மாதமும் பம்புக் காசு பிடித்தார்கள் — வீராயிக்கும்தான்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் இதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நாளைக்கு அங்கேயும் பம்புக்கென்று கேட்பார்கள். கொடுக்கட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கொடுக்கும் முன்னே, தண்ணீர் யார் வாசல் வரைக்கும் வரும் என்று கேட்கச் சொல்லுங்கள்.