கடையைப் பார்க்க வந்த ஆள்

என் அக்கா தையற்காரி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் தையற்காரிதான். இதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் டயாலிசிஸ் செய்துகொண்டாள். போய்வந்தால் துவண்டு படுத்துவிடுவாள். கொஞ்சம் தெம்பு வந்ததும் மறுபடி ஆஸ்பத்திரி. கடை பூட்டியே கிடந்தது. பார்க்க வந்த சொந்தங்கள் அவளிடம் பேசாமல், அவள் எதிரிலேயே அவளைப் பற்றிப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதிதாக வந்த டாக்டரம்மா வேறு வழி சொன்னார். வயிற்றில் ஒரு குழாய் வைப்பார்கள். அதன் வழியாக மருந்து நீரை உள்ளே இறக்கி, சில மணி நேரம் கழித்து வெளியே எடுத்துவிட்டு, புது நீர் இறக்க வேண்டும். கழிவெல்லாம் அதோடு வந்துவிடும். தினமும், நாமே செய்துகொள்ளலாம்.

"கடையில வெச்சு செய்யலாமா டாக்டர்?" அக்கா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"இடம் சுத்தமா இருக்கணும்மா."

"எங்க வீட்டைவிட சுத்தமா வெச்சுக்கறேன்."

"கடையிலயா?" என்று பதறினார் அவள் கணவர், என் மாமா. நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி.

துணி போட்டுப் பார்க்கும் சின்ன அறையை ஒழித்துக் கழுவி வெள்ளையடித்தோம். சட்டை மாட்டும் கொக்கியில் மருந்துப் பை தொங்கியது. நேரம் வந்தால் அக்கா முகக்கவசம் கட்டி, கையைத் தேய்த்துக் கழுவி, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தைப்பாள்.

மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. அவளிடம் மூச்சுவிடாமல், கடையை வாடகைக்கு விட ஒரு செல்போன் கடைக்காரரைக் கூட்டிவந்துவிட்டார். அப்போது அக்கா உள்ளே இருந்தாள். நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ரூமும் சேர்த்துத்தானே?" வந்தவர் கதவில் கைவைக்கப் போனார். நான் கத்தரிக்கோலும் கையுமாகக் குறுக்கே போய் நின்றேன்.

"உள்ள யாரு?"

"உடம்பு முடியாதவங்க," என்றார் மாமா.

"கடைக்காரி," என்றது உள்ளிருந்து குரல். "கதவைத் தொடாதீங்க. வேலை முடிஞ்சதும் வர்றேன்."

மாமா என்னிடம் திரும்பினார். "அவளுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?"

"தைக்காம படுத்திருந்தாளே, அப்ப எப்படி இருந்தாள்னு நீங்களும்தானே பார்த்தீங்க மாமா?"



அக்கா வெளியே வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு செல்போன் கடைக்காரரிடம் போனாள்.

"கடையை அளக்க வந்தீங்களாக்கும். இங்க வர்றவங்களை நாங்கதான் அளப்போம். கையைத் தூக்குங்க."

அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, தூக்கிவிட்டார். அக்கா நாடாவை அவர் மார்பைச் சுற்றிப் பிடித்தாள்.

"நாப்பது," என்றாள் மாமாவிடம். "என்ன பார்த்துட்டு நிக்கறீங்க? எழுதிக்குங்க."

மாமா பென்சிலைத் தேடி எடுத்து எழுதினார்.