புதூர் ரோட்டில் பிறையும் வெள்ளியும்

தம்பியிடம் கெஞ்சி வாங்கிய காமிராவும் ஸ்டாண்டுமாக நானும் என் வீட்டுக்காரரும் புதூர் ரோட்டோரம், பருத்தி எடுத்து முடித்த கரிசலில் நின்றோம். வெள்ளிக் கிரகத்துக்குக் கீழே பிறை வரும், கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்று போனில் பார்த்திருந்தேன். என் தபால் பட்டுவாடா வேலை முடிந்த கையோடு அவரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சூரியன் இறங்கியது. வெள்ளி பளிச்சென்று வந்துவிட்டது. பிறையைக் காணோம். வரிசையாக நின்ற காற்றாலைக் காத்தாடிகளுக்குப் பின்னால் அடிவானமெங்கும் புழுதி மூட்டம். காற்று வேறு ஸ்டாண்டை ஆட்டியது. அவர் அதன் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, சீக்கிரம் எடு. மண்கட்டி குத்துது."

"வந்தால்லா எடுக்க!"

ஒரு பைக் வந்து நின்றது. நாகலாபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாயும் அவர் மனைவியும். கடைக்குத் தபால் கொண்டுபோய் எனக்குப் பழக்கம். அன்று பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு. ஊருக்குள் கட்டடங்கள் மறைக்கின்றன என்று வெட்டவெளி தேடி வந்திருந்தார்கள்.

"என்னக்கா, பெற தெரியுதா?" என்றபடி அவர் மனைவி ஓடிவந்தார்.

வெள்ளியிலிருந்து காமிராவை மெல்லக் கீழே இறக்கித் திரையைப் பார்த்தேன். சாம்பல். மறுபடியும் சாம்பல். பிறகு ஒரு கீற்று, நூல் மாதிரி, மல்லாந்து கிடந்தது.

"இருக்கு! இந்தா இருக்கு!"

என் சத்தத்தில் வீட்டுக்காரர் பிடியை விட்டுவிட்டார். சாய்ந்த ஸ்டாண்டைப் பாய் எட்டிப் பிடித்தார். திரையைக் காட்டப் போனேன். பாயின் மனைவி தலையைத் திருப்பிக்கொண்டார்.

"கண்ணாலதான் பாக்கணும்க்கா. எங்கனன்னு மட்டும் சொல்லுங்க."

"அந்த மூணாவது காத்தாடி இருக்குல்லா, அதுக்கு மேல, கொஞ்சம் இடது கைப் பக்கம்."

நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

"அந்தா! பாத்துட்டேன்!" பாயின் மனைவி குதித்தேவிட்டார். அடுத்து பாய், அப்புறம் என் வீட்டுக்காரர். வெறுங்கண்ணுக்கு எனக்குத்தான் கடைசியாக அகப்பட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாய் கையேந்தி மெல்ல ஓதினார். அவர் மனைவி பள்ளிவாசலில் காத்திருந்த அண்ணனுக்குப் போன் போட்டு, "பாத்தாச்சு! நாலு பேரு பாத்தோம்!" என்று கத்தினார்.

அப்போதுதான் இன்னும் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பது உறைத்தது. பிறை காத்தாடிக்கு மேல் ஒரு முழம்கூட இல்லை. ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் ஸ்டாண்டைப் பிடிக்க, பாயின் மனைவி துப்பட்டியை விரித்துக் காற்றை மறைத்து நின்றார். அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். எல்லாம் ஆட்டம். ஒன்றே ஒன்று விழுந்தது: மேலே வெள்ளி, கீழே பிறை, அதற்கடியில் காத்தாடியின் கை.

"அக்கா, இப்பமே எனக்கு அனுப்பிருங்க."

அனுப்பினேன். பைக் வளைவில் மறைந்த பிறகும் பாய் அடித்த ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நாளைக்கும் வருவோமாட்டி?" என்றார் என் வீட்டுக்காரர்.