அரை மார்க் சார் எழுதிய தாள்

‘அறவியல் துறையில் இருபத்து நான்கு ஆண்டு அனுபவமும் ஆழ்ந்த புலமையும் கொண்டவர். மாணவர் மனங்களில் விழுமியங்களை விதைத்து வருபவர். அறச் சிந்தனையின் கலங்கரை விளக்கம்.’

கல்லூரியின் இணையப் பக்கத்தில், அவருடைய படத்துக்குக் கீழே இப்படித்தான் இருக்கிறது. படம் அவருடையதுதான். இருபத்து நான்கு ஆண்டும் அவருடையதுதான். ஆனால் அதில் இருபத்து மூன்றரை ஆண்டு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் போயிற்று. மிச்ச அரை ஆண்டுதான் அறத்துக்கு.

மற்றதெல்லாம் ஓய்வு பெற்றுப் போன பழைய அறவியல் ஆசிரியருக்காக எழுதிய வாசகம். அதன் தலையில் இவர் படத்தை ஒட்டிவிட்டார்கள். பார்த்த அன்றே கணினி அறைக்குப் போய், அனுபவம் அரை ஆண்டு என்று திருத்தச் சொன்னார்.

“அந்தக் கட்டத்துல முழு எண்தான் சார் ஏறும்” என்றார் கணினி உதவியாளர். “அரை போட்டா சிவப்பா காட்டுது.”

“அப்ப பூஜ்யம் போடுங்க.”

“பூஜ்யம் போட்டா உங்க பக்கமே திறக்காது சார்.”

அரை என்பது அவருக்குச் சின்ன விஷயமில்லை. மாணவர்கள் அவரை ‘அரை மார்க்’ என்றுதான் சொல்வார்கள். கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக அமிலத்தை இறக்கி, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்தச் சொல்லிக் கொடுத்தே பழகியவர். ஒரு சொட்டு கூடினால் அரை மார்க் போய்விடும். அலகு எழுத மறந்தாலும் அரை. தேதி எழுத மறந்த ஒருவனிடம், “நேத்தும் இதே விடை வந்திருக்குமான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டு அரையைக் கழித்தவர். யாருக்கும் முழு மார்க் போட்டதாகச் சரித்திரம் இல்லை. யாரையும் வேண்டுமென்றே தோற்கடித்ததாகவும் இல்லை.

இப்படிப்பட்டவர் அறம் நடத்த வந்ததற்கு அறம் காரணமில்லை. வேதியியலில் சேர ஆள் குறைந்துபோய், அவருக்கு வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம்தான் வகுப்பு இருந்தது. பதினாறு மணி இல்லாத ஆசிரியரை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிவிடுவார்கள். அவர் மனைவி மருந்துக் கடை வைத்திருக்கிறார். பதினைந்து வருடம் ஒரே தெருவில் நின்று பிடித்த கடை. மாற்றல் வந்தால் ஒன்று கடை போக வேண்டும், இல்லையென்றால் கணவர் போக வேண்டும். “கடைன்னா வாங்கிக்க உடனே ஆள் கிடைப்பாங்க” என்று மனைவி யோசனையுடன் சொன்னதாகக் கேள்வி.

அந்தச் சமயத்தில்தான் முதலாம் ஆண்டு ‘அறவியல் அறிமுகம்’ பாடத்துக்கு யாரும் முன்வரவில்லை. வாரம் நான்கு மணி, அறுபத்தொரு மாணவர்கள். பன்னிரண்டும் நான்கும் பதினாறு. கணக்கு சரியாக வந்ததால் அறமும் வந்து சேர்ந்தது.

முதல் மூன்று மாதம் அவருக்குப் பெரிய ஏமாற்றம். ‘நற்செயல் என்பது யாது?’ என்று கேட்டால் அறுபத்தொரு தாளிலும் ஒரே பத்தி, ஒரே காற்புள்ளி. கடையில் விற்கும் வழிகாட்டிப் புத்தகத்தின் முப்பத்தேழாம் பக்கம். தவறே இல்லாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு அரை மார்க்கை எங்கே குறைப்பது? சிவப்புப் பேனாவோடு சாப்பாட்டு மேசையில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனைவிக்கே பாவமாகிவிட்டது.

அப்போதுதான் அந்த ஒப்படைப்பைக் கொடுத்தார். ‘நான் செய்த ஒரு தவறு. அது தவறு என்று எனக்கு எப்படித் தெரிந்தது? இரண்டு பக்கம்.’

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. “சார், உண்மையா எழுதணுமா, மார்க்குக்கு எழுதணுமா?”

“உண்மையா எழுது. நான் ஒருத்தன்தான் படிப்பேன். வேற யாரும் பார்க்க மாட்டாங்க.”

“சத்தியமா?”

“அறவியல் வகுப்புல சத்தியம் எல்லாம் கேக்கக்கூடாது. சொன்னா சொன்னதுதான்.”

வகுப்பு சிரித்தது. ஆனால் எழுதினார்கள். அண்ணன் சட்டையைக் கருக்கிவிட்டு, பழியை இஸ்திரிக் கடைக்காரர் மேல் போட்டவன் எழுதியிருந்தான். தன் அம்மாவை யாரென்று தோழிகள் கேட்டபோது வீட்டு வேலைக்கு வருபவர் என்று சொன்னவள் எழுதியிருந்தாள். அந்தத் தாளில் ஓரிடத்தில் மை கலைந்திருந்தது. ‘நான் இதுவரை ஒரு தவறும் செய்ததில்லை’ என்று ஒருவன் இரண்டு பக்கமும் நிரப்பியிருந்தான். கேள்விக்கு விடை அந்த இரண்டு பக்கமேதான் என்று அவனுக்குத் தெரியவில்லை, பாவம்.

நாற்பத்தொன்றாம் எண்ணின் தாளில் அவர் நின்றுவிட்டார்.

‘நாற்பத்திரண்டாம் எண் என் தோழி. ரொட்டித் தொழிற்சாலையில் விடியற்காலையில் பொட்டலம் கட்டும் வேலை செய்கிறாள். சில நாள் முதல் வகுப்புக்கு வர முடியாது. வருகை எடுக்கும்போது ஒன்பது நாள் அவளுக்காக நான் “இருக்கேன் சார்” என்று சொன்னேன். சளி பிடித்த மாதிரி குரலை மாற்றிக்கொள்வேன். அது உங்கள் வகுப்புதான் சார். ஏமாற்றியது தவறு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஒருநாள் நீங்கள் தலை நிமிராமலே, சளி விடவே இல்லையே, வெந்நீர் குடிம்மா என்றீர்கள். அப்போது தெரிந்தது.’

வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். உண்மைதான். வருகை எடுக்கும்போது அவர் கண் ஏட்டில்தான் இருக்கும், முகத்தில் இருக்காது. நாற்பத்திரண்டுக்கு இப்போது எழுபத்தாறு சதவீதம். ஒன்பதைக் கழித்தால், இனி ஒரு வகுப்பு விடாமல் வந்தாலும் அறுபத்தெட்டைத் தாண்டாது. தேர்வெழுத எழுபத்தைந்து வேண்டும். எழுதாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போகும். அவர் பேனாவை மூடி வைத்தார். என்ன செய்வது என்று சாவகாசமாக யோசிக்கலாம் என்று நினைத்தார்.

மறுநாள் துணை முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். இவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். கல்லூரியின் தரத்தை மதிப்பிட ஆய்வுக் குழு வரப்போகிறது என்பதால் அவர் அறையில் நாற்காலியைத் தவிர எல்லா இடத்திலும் கோப்புகள் உட்கார்ந்திருந்தன.

“சார், உங்க அசைன்மென்ட் பேப்பர் அறுபத்தொண்ணும் வெள்ளிக்கிழமைக்குள்ள கோப்புல இருக்கணும். நம்ம ஆளுங்க மூணு பேர் ஒவ்வொண்ணையும் படிச்சுக் கையெழுத்துப் போடுவாங்க. அப்புறம் ஆய்வுக் குழு பார்க்கும்.”

“அதை நான் மட்டும்தான் படிப்பேன்னு சொல்லியிருக்கேன் மேடம்.”

“அது நீங்க சொன்னது. விதி பதினொண்ணு வேற சொல்லுது.”

“அப்படி ஒரு விதி இருக்கா?”

“இருபத்து நாலு வருஷமா இருக்கு சார். உங்க லேப் நோட்டெல்லாம் வருஷா வருஷம் எங்க போச்சுன்னு நினைச்சீங்க?”

எங்கேயோ போனது. அதைப் பற்றி அவர் நினைத்ததில்லை. அமிலம் இத்தனை மில்லி இறங்கியது என்பதை ஊரே படித்தாலும் யாருக்கும் தலைகுனிவு இல்லை. இருபத்து மூன்றரை வருடம் ரகசியமே இல்லாத தாள்களைத் திருத்தியவர் மட்டுமே இப்படி மாட்டிக்கொள்ள முடியும்.

“பேரைக் கறுப்பு மையால அடிச்சுடலாம்” என்றார் துணை முதல்வர்.

“கையெழுத்தை என்ன பண்றது? உள்ள ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணோட எண்ணையே எழுதியிருக்கு.”

“என்ன எழுதியிருக்கு?”

“அதைத்தான் சொல்ல மாட்டேன்னு சொல்றேன்.”

துணை முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். “சார், கோப்பு காலியா இருந்தா மெமோ வரும். பாடத்தை வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லுவாங்க. அப்ப உங்க மணி மறுபடியும் பன்னிரண்டு. யோசிச்சுக்கோங்க.”

அன்று மாலை மனைவி கடையிலிருந்து வந்தபோது, மேசையில் தாள்கட்டு பிரிக்காமல் கிடந்தது.

“என்ன, இன்னைக்கு யாருக்கு அரை மார்க் போச்சு?”

“எனக்குத்தான்.” சொன்னார், முழுவதையும், எண்களை மட்டும் விட்டுவிட்டு. பிறகு கேட்டார், “தெருவுல யார் யாருக்கு என்ன வியாதின்னு உனக்குத் தெரியும். மருந்து இன்ஸ்பெக்டர் வந்து கடைப் பதிவேட்டைக் கேட்டா என்ன செய்வே?”

“காட்டுவேன். அது சட்டம்.”

“அப்ப நானும் கொடுத்துடலாமா?”

“நான் யார்கிட்டயும், இது யாருக்கும் தெரியாது, வாங்கிக்கோங்கன்னு சொல்லி மருந்து விக்கலைங்க. நீங்க சொல்லித்தானே எழுதவே வெச்சீங்க? விதியைப் படிக்காம வாக்குக் கொடுத்தது யாரு, அந்தப் பிள்ளைங்களா?” டீயை ஆற்றிக்கொண்டே தொடர்ந்தார். “மாற்றல் வந்தா வரட்டும். சனிக்கிழமை சனிக்கிழமை வந்துட்டுப் போங்க. வீடும் கொஞ்சம் அமைதியா இருக்கும்.”

மறுநாள் காலை வகுப்பில் அறுபத்தொரு தாளையும் அவரவர் கையில் திருப்பிக் கொடுத்தார். எல்லாருக்கும் பத்துக்கு ஒன்பதரை.

“சார், அந்த அரை எதுக்குப் போச்சு?” என்றது கடைசி வரிசை.

“பழக்கம்.”

பிறகு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். “இத்தனை நாள் நான் முகத்தைப் பார்க்காம வருகை எடுத்தேன். அதனால என் பதிவேட்டை நானே நம்ப முடியாது. நாளையிலிருந்து ஒன்பது நாள், நாலு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் ஈடு வகுப்பு வெக்கிறேன். அதுல வர்ற நாள், வராத நாளுக்கு ஈடாக் கணக்குல சேரும். விதி அனுமதிக்குது, இந்தத் தடவை படிச்சுட்டேன். யாருக்கு எத்தனை நாள் குறையுதுன்னு அவங்களுக்கே தெரியும். நான் கேக்க மாட்டேன்.”

நாற்பத்தொன்று மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் நான்கு மணிக்கு ஒரே ஒரு மாணவிக்குப் பாடம் நடத்தத் தயாராகப் போனார். அறையில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். அவர் பதிவேடும் அந்த இணையப் பக்கமும் ஏறக்குறைய ஒரே தரத்துக் கற்பனை இலக்கியம் என்று அப்போதுதான் விளங்கியது.

“ஏன் வந்தோம்னு சொல்லணுமா சார்?” என்றான் ஒருவன். தவறே செய்யாதவன் அவன்தான்.

“வேண்டாம், உட்காரு.”

ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகு நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்திரண்டு என்றதும் மெலிந்த ஒரு பெண், விரல் நுனிகளில் பொட்டல வேலைக்குச் சுற்றிய ஒட்டுத்தாளோடு எழுந்து நின்றாள்.

“சளி விட்டுச்சாம்மா?”

“எனக்குச் சளியே பிடிச்சதில்லை சார்” என்றாள். சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று புரிந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

“நல்லது. உடம்பைப் பார்த்துக்கோ” என்று அடுத்த எண்ணுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை அவர் துணை முதல்வரிடம் கொடுத்த கோப்பில் ஒரே ஒரு தாள் இருந்தது. தலைப்பு, ‘நான் செய்த ஒரு தவறு.’ தேதி, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தன.

‘விதியைப் படிக்காமல், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அறுபத்தொரு பேரிடம் சொன்னேன். அவர்கள் அதை நம்பி எழுதினார்கள். விதியை மீறினால் தண்டனை எனக்கு. வாக்கை மீறினால் தண்டனை அவர்களுக்கு. ஆகவே தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதே காலத்தில், முகம் பார்க்காமல் வருகைப் பதிவு செய்துவந்ததும் தெரிந்தது. பதிவேட்டின் ஓரத்தில் அதைக் குறித்திருக்கிறேன்.’

துணை முதல்வர் படித்துவிட்டு, பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு பக்கம்னு கேட்டுட்டு, ஒண்ணரைதான் எழுதியிருக்கீங்க.”

“அரை மார்க் குறைச்சுக்கோங்க மேடம்.”

“குறைக்காம விடுவேனா? உங்களுக்கு மெமோவும் டைப் பண்ணி வெச்சுட்டேன். இதைக் கோப்புல வெக்கிறதும் என் வேலைதான், அதைக் கொடுக்கிறதும் என் வேலைதான்.” இரண்டையும் செய்தார்.

ஆய்வுக் குழுவில் ஒருவர் அந்தத் தாளை நின்றபடியே படித்தார். மற்ற தாள்கள் எங்கே என்று கேட்டார். எழுதினவர்களிடம் இருக்கின்றன என்று பதில் வந்தது. ‘ஆவணக் குறைவு’ என்று எழுதி, பாடத்துக்கான மதிப்பீட்டில் அரைப் புள்ளியைக் குறைத்துவிட்டுப் போனார். இவருக்கு அதில் வருத்தமில்லை. சரியான திருத்தம் என்று வீட்டில் சொன்னார். பாடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. வேறு ஆளைக் கேட்டார்கள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அடுத்த ஆண்டும் அவரிடமே இருக்கிறது. மணி பதினாறு, கடை அதே தெருவில். நாற்பத்திரண்டு தேர்வெழுதி, இரண்டாம் ஆண்டுக்குப் போய்விட்டாள்.

இணையப் பக்கத்தில் அனுபவம் இருபத்தைந்து ஆண்டு என்று தானாக ஏறியிருக்கிறது. கலங்கரை விளக்கம் அப்படியே இருக்கிறது.

அவர் செய்தது இவ்வளவுதான்: அறுபத்தொரு தாளைத் திருப்பிக் கொடுத்தார், ஒரு தாள் எழுதினார், ஒன்பது நாள் மாலை நான்கு மணிக்கு முகத்தைப் பார்த்து வருகை எடுத்தார்.