அவள் குடிக்காத தண்ணீர்

என் மனைவியின் சிறுநீரகங்கள் பழுதானதற்கு நான்தான் காரணம். அதன் பிறகு மூன்று வருடங்களாக, அவளேதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதலாவதை யோசியாமல் செய்தேன் என்று வாதாடலாம். இரண்டாவதைத் தெரிந்துகொண்டே செய்தேன்.

நாங்கள் சிட்னியில், நார்த்மீட்டில் இருக்கிறோம். நான் ஒரு நகரசபையின் வீதிப் பகுதியில் பொறியியலாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். மனைவி பாலர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் நெடுநாள் வேலை பார்த்தாள். ஒரே மகள், மணமாகி மெல்பேர்னில் இருக்கிறாள்.

ஐரோப்பா பார்க்க ஆசைப்பட்டவள் மனைவி. நாற்பது தமிழர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி, கூடவே ஒரு சமையற்காரரையும் கூட்டிக்கொண்டு போகும் சுற்றுலா ஒன்றை அவள் விசாரித்து வைத்திருந்தாள். வெளிநாடு போய் நின்று புளிக்குழம்பு தின்ன என்னால் முடியாது என்று சிரித்தேன். சமையலறை, கட்டில், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் உள்ள கேம்பர்வான் ஒன்றைத் தென் ஸ்பெயினில் வாடகைக்கு எடுப்பதென்று நானே முடிவு செய்தேன். பிறகு போன இடமெல்லாம் மத்தியானத்துக்குச் சோறு கேட்டதும் நான்தான். வெளியே நாற்பது பாகைக்கு மேல் கொதிக்க, வானுக்குள் இரண்டு அடுப்புக்கு முன்னால் நின்று அவள் சமைத்தாள்.

புறப்படுவதற்கு நாலு நாள் முன் மகள் அழைத்தாள். "அப்பா, அங்க ஹீட்வேவ் வருதாம். செப்டம்பருக்கு மாத்துங்கோ" என்றாள். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் கிரிக்கெட் விளையாடினவனுக்கு வெயில் காட்டுகிறாயா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "நீங்க விளையாடினீங்க, ஓகே. அம்மா விளையாடினவவோ?" என்றாள்.

மலகாவில் வானைக் கையளித்த இளம்பெண் ஒவ்வொன்றாக விளக்கினாள். வானின் கடைசி மூலையில், சமையல் மேடைக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு சின்னக் கழிப்பறை இருந்தது. கழிவு அடியிலுள்ள ஒரு பெட்டியில் சேரும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை அதை வெளியே இழுத்து, இரவில் வான்களை நிறுத்தித் தங்கும் முகாமில் அதற்கென்று உள்ள குழியில் ஊற்றிக் கழுவ வேண்டும். அவள் பெட்டியை இழுத்துக் காட்டியபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். குசினியும் கக்கூசும் ஒரே அறையில், அதுவும் அள்ளிக் கொட்டுவது என் கையால் என்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை.

அவள் போனதும் மனைவியிடம், "இதை நாங்கள் பாவிக்கிறேல்லை" என்றேன்.

"வழியில தேவைப்பட்டா?"

"பெற்றோல் ஷெட் இருக்குத்தானே."

கழிப்பறைக்குள் அரிசிப் பையையும் தேங்காய்ப்பால் ரின்களையும் ஒரு பெட்டியையும் அடுக்கிக் கதவைச் சாத்தினேன். இடம் மிச்சமானதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பெற்றோல் நிலையங்கள் இருந்தன. நிறுத்தத்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவன் நான். அங்கே வலப்பக்கம் ஓட வேண்டும். வான் நான் நினைத்ததைவிட நீளம். நெடுஞ்சாலையில் நேரே போகும்வரை ஒன்றுமில்லை. வெளியே இறங்கினால் ரவுண்டபவுட், ஒடுங்கிய வீதி, பின்னால் ஹோர்ன். வாழ்நாள் முழுவதும் வீதிகளை வரைந்தவன் ஒரு ரவுண்டபவுட்டுக்குப் பயப்படுகிறான் என்று யாரிடம் சொல்வது? அவளிடம்கூடச் சொல்லவில்லை.

முதல் நாள் அவள் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னாள். இரண்டாவது தடவை நான் பிழையான பக்கம் திரும்பி ஒரு லொறிக்கு முன்னால் போய் நின்றேன். லொறிக்காரன் கண்ணாடியை இறக்கி ஏதோ கத்தினான். அந்தக் கோபத்தை அவள்மேல் காட்டினேன். "இப்பத்தானே போனனீர்? சின்னப் பிள்ளையோ நீர்?" என்றேன். அதற்குப் பிறகு அவள் நிறுத்தச் சொல்லவேயில்லை.

அவள் கண்டுபிடித்த வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் முகாமை விட்டு வெளிக்கிட்டால் பின்னேரம் அடுத்த முகாம் வரும்வரை உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வாள். அவளுடைய பச்சைப் போத்தல் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. "தண்ணி குடிச்சனீரோ?" என்று இடைக்கிடை கேட்பேன். "ஓம்" என்பாள். போத்தலில் தண்ணீர் இறங்கவில்லை என்பதை நான் பார்த்தேன். ஒரு நாள் இல்லை, நாலு நாள் பார்த்தேன். அவள் திரும்ப நிரப்பியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் நிறுத்தச் சொல்லாதது எனக்கு வசதியாக இருந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஆறாம் நாள் கோர்தோபாவிலிருந்து செவில்லுக்குப் போய்க்கொண்டிருந்தோம். இருபக்கமும் சூரியகாந்தி வயல், எல்லாம் கருகித் தலை தொங்கி நின்றது. தெருவில் வேறு வாகனங்களே குறைவு; அந்த ஊர்க்காரர்கள் புத்தியோடு வீட்டுக்குள் இருந்தார்கள். காலையிலிருந்து அவள் தலையிடி என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு பேச்சில்லை. திடீரென்று எழும்புவதுபோல் அசைந்து, இருக்கைப் பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "அண்ணை, இறக்கம்" என்றாள்.

எங்கள் ஊர் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் சாரதிக்குக் கேட்கும்படி அப்படித்தான் சொல்வோம். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் என்னைப் பார்த்தாள்; நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. "இறக்கம், அண்ணை. எத்தினை தரம் சொல்லுறது, மறியுங்கோ" என்றாள். முன்பின் தெரியாத பஸ்காரனிடம் கேட்க முடிந்ததை அவள் என்னிடம் கேட்கவில்லை. வீதியோரம் மறித்தேன். கதவைத் திறந்து தூக்குவதற்குள் அவள் சரிந்துவிட்டாள். தோல் காய்ந்து சுட்டது.

செவில்லில் வைத்தியசாலையில் ஒரு பெண் வைத்தியர் ஆங்கிலத்தில் கேட்டார்: ஒரு நாளைக்கு எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார்? இரண்டாவதற்கு எனக்குப் பதில் தெரியாது. முதலாவதற்கு, "நான் எவ்வளவோ சொன்னேன், அவள் கேட்கவில்லை" என்றேன். அப்போது மனைவிக்கு நினைவு திரும்பியிருந்தது. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, என்னைப் பார்த்தாள்.

அந்த ஒரு வசனத்தை நான் சிட்னிக்குக் கொண்டுவந்தேன். ப்ரெஷரால் ஏற்கெனவே பலவீனப்பட்டிருந்த சிறுநீரகங்கள் அந்த ஆறு நாளோடு எழும்பவில்லை என்றார்கள். ஒரு வருடத்துக்குள் கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நான் கதை சொன்னேன். சொல்லச் சொல்ல அது மெருகேறியது. "ஆளுக்குத் தண்ணியெண்டால் அலர்ஜி" என்று முடிப்பேன், சிரிப்பார்கள். பக்கத்துப் பென்டில் ஹில்லில் தமிழ்க் கடையில் அவளைக் கண்டாலும் யாராவது ஒரு பிள்ளை, "அன்ரி, வோட்டர் குடிக்கோணும்" என்று புத்தி சொல்லும். டயாலிசிஸ் செய்கிறவளுக்கு இப்போது தண்ணீர் அளந்துதான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் "ஓம் பிள்ளை" என்பாள். என் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று வைத்தியர்களிடம் சொன்னேன். என் வயதையும் சர்க்கரை வியாதியையும் காட்டி மறுத்துவிட்டார்கள். அதையும் ஊருக்குச் சொல்லி அனுதாபம் வாங்கினேன்.

மகளும் நம்பினாள். அவளுக்குக் குழந்தை பிறந்தபோது மனைவியால் மெல்பேர்னுக்குப் போய் நிற்க முடியவில்லை. தொலைபேசியில் மகள் அழுதுகொண்டே, "ஒரு போத்தில் தண்ணி குடிச்சிருந்தா நீங்க இப்ப இங்க நிண்டிருப்பீங்க அம்மா" என்று சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அப்போதும் மனைவி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இதைத் திருத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். செய்த விதம்தான் பிழை. என் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு மகள் ஒரு மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தாள். என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன்: கழிப்பறைக்குள் அடுக்கிய அரிசி, நிறுத்தாமல் ஓட்டியது, கூச்சத்தில் அவள் அடக்கிக்கொண்டு இருந்தது, வைத்தியரிடம் சொன்ன பொய். நடுவில் ஒரு நண்பர், "கக்கூசுக்கை அரிசியோ, அண்ணை!" என்றார். சிலர் சிரித்தார்கள், பிறகு அடங்கினார்கள். முடிந்ததும் பலர் வந்து என் கையைப் பிடித்தார்கள். பெரிய மனது வேண்டும் என்றார் ஒருவர். மனைவி தட்டிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் கேட்டாள்.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

உண்மையைத்தானே சொன்னேன் என்றேன்.

"மூண்டு வருஷமா தண்ணி குடியாத விசரி. இனி மூத்திரத்தை அடக்கின மனுசி. ரெண்டையும் நீங்கள்தான் சொன்னனீங்கள். எனக்கு முன்னால வந்து ஒரு நாள் சொன்னீங்களோ?"

சொல்லவில்லை. மன்னிப்பை இருநூறு பேரிடம் கேட்டிருந்தேன். அவளிடம் கேட்கவில்லை. அன்றே கேட்டேன். அவள் போய் உடுப்பு மாற்றினாள்.

மகள் அன்று பின்னேரம் தாயின் மடியில் கிடந்து அழுதாள். அவர்கள் இருவரும் இப்போது தினமும் பேசுகிறார்கள். நான் அறைக்குள் போனால் மகள் தாயிடம் விடைபெற்றுக்கொள்கிறாள். அடுத்த கிழமை மனைவி தானே ஆங்கிலத்தில் தொலைபேசி எடுத்து, வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக ஒரு தொண்டர் சேவையை ஒழுங்கு செய்தாள். அதுவரை நான்தான் ஓட்டிப் போனேன்.

இதை எழுதத் தொடங்குமுன் அவளிடம் கேட்டேன். ஒரு கிழமை யோசித்து, "பேர் ஒருத்தற்றையும் போடாதேங்கோ. எழுதி முடிச்சிட்டு முதல்ல எனக்குத் தாங்கோ" என்றாள். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குசினி மேசையில் இருந்து வாசித்தாள். ஒரே ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"கூச்சம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். எனக்கென்ன கூச்சம்? நாப்பது வருஷம் உங்களோட இருந்தனான். மறிக்கச் சொன்னா உங்கட முகம் போற போக்கு, அதுக்குத்தான் பயம்."

மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், மண்டபத்தில் அப்படித்தானே சொன்னீர்கள், இருக்கட்டும்; நான் சொன்னதைக் கீழே எழுதுங்கள் என்றாள். எழுதியிருக்கிறேன்.

நாளைக்கு வைத்தியசாலைக்கு நான் கூட்டிக்கொண்டு போகவா என்று கேட்டேன். தாள்களை அடுக்கி என்னிடம் தந்தாள்.

"வேண்டாம். வாகனத்துக்குச் சொல்லிப்போட்டன்."