வாளியில் என்ன தண்ணீர்?

லென்ஸ் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் அபிசாய் ஆட்களை நிற்க வைப்பார். "உள்ள போ, வெளிய வா, தலையத் தூக்கு" எல்லாம் அந்த மூடிக்குப் பின்னாலிருந்து ஒரே முனகலாக வரும். உள்ளே போகச் சொன்னவர் வெளியே வருவார். தலையைத் தூக்கச் சொன்னவள் பையைத் தூக்குவாள். கூட்டமே சிரிக்கிற அந்த நேரத்தில் அபிசாய் படத்தை எடுத்துவிடுவார். வேண்டுமென்றே செய்கிறாரா என்று அவர் இருக்கும் சவுசவு டவுனில் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது போலிருக்கிறது.

வயது ஐம்பத்து மூன்று. எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம். பூப்போட்ட சட்டை, இடுப்பில் முட்டிக்குக் கீழே வரை சுற்றிய சுலு வேட்டி, கழுத்தில் ஒரே கேமரா, அதில் ஒரே லென்ஸ். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கட்டிய பழைய துணி ஒன்று வைத்திருக்கிறார். லென்ஸை அதனால் மட்டுமே துடைப்பார். அதன் பக்கத்தில் யாரும் இருமக்கூடக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் மனிதர் குழப்பத்துக்கென்றே பிறந்தவர். எதையும் மூன்று பேரிடம் கேட்பார், மூன்று பேர் சொன்னதையும் செய்வார். போன வருடம் பல்வலிக்குக் கிராம்பு வைத்தார், பிராந்தி கொப்பளித்தார், கடைசியில் நல்ல பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

புத்தாண்டு கழிந்த புதன்கிழமை, விரிகுடாவுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்து ஒன்பது ஆண்கள் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போகிறார்கள். சனிக்கிழமை விமானம், திரும்ப ஒன்பது மாதம் ஆகும். போகிறவன் ஒவ்வொருவனும் பெண்டாட்டி பிள்ளைகளோடு எடுத்த படம் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். கைபேசியில் எடுத்தால் ஆகாதா? ஆகாது. தோட்டத்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவைக்கக் காகிதப் படம்தான் வேண்டும், அதுவும் அபிசாய் எடுத்ததுதான் வேண்டும் என்று பெண்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். ஒன்பது பேரில் ஜோனெட்டானிதான் இளையவன். அவனுக்குப் பெண் பிறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

வந்த மரியாதைக்கு யங்கோனா வேர்க்கட்டைக் கொடுத்து, அவர்கள் அதை இடித்துக் கரைத்துத் தந்த மயக்கப் பானத்தை ஆறேழு கிண்ணம் குடித்துவிட்டு, அபிசாய் கேமராவோடு முற்றத்துக்கு வந்தார். மாமரத்துக்குப் பின்னாலிருந்து ஜோனெட்டானியின் அக்கா மெரெவாய் பாய்ந்து வந்து, ஒரு வாளித் தண்ணீரை முழுதாக அவர்மேல் கொட்டினாள்.

புத்தாண்டு வாரத்தில் அந்தப் பெண்கள் யாரையும் நனைக்காமல் விடுவதில்லை. அபிசாய்க்குத் தெரியாததா? பையில் பிளாஸ்டிக் உறைகூடக் கொண்டுவந்திருந்தார். அது பையில் பத்திரமாக இருந்தது.

கோபப்படவும் வழியில்லை. அவர் ஊரும் அவள் ஊரும் தவுவு. ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்று முறை. தவுவுக்காரி வந்து கோழியைத் தூக்கிக்கொண்டு போனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முகம் சுளித்தால் ஊருக்கே இழுக்கு. அபிசாய் பல்லைக் காட்டினார். பார்க்கப் பாவமாக இருந்தது.

கேமரா பிழைத்துக்கொண்டது. லென்ஸுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கண்ணை வைத்துப் பார்த்தால், ஜோனெட்டானி பிள்ளையோடு நின்ற இடத்தில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

வெயிலில் வை என்றார் கூட உட்கார்ந்து குடித்த ஊர்ப் பாதிரியார். அரிசியில் புதை என்றான் ஜோனெட்டானி. அபிசாய் லென்ஸைக் கழற்றி ஒரு சட்டி அரிசியில் புதைத்து, அந்தச் சட்டியை வெயிலில் வைத்தார். பத்து நிமிடம் கழித்து எடுத்துத் திருகினால் அரிசி மாவு புகுந்து நறநறவென்றது. திரும்பவும் புதைத்துவிட்டு, டவுனில் கைபேசி பழுது பார்க்கும் ஷலேந்திராவைக் கூப்பிட்டார்.

"என்ன தண்ணிண்ணே?"

"வாளித் தண்ணி."

"அட, நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? நல்ல தண்ணின்னா சும்மா காய விடுங்க, இன்னொரு சொட்டு படக்கூடாது. உப்புத் தண்ணின்னா இப்பவே நல்ல தண்ணியில முக்கி அலசுங்க, அப்புறமாக் காய வைக்கலாம். விட்டீங்கன்னா உப்பு உள்ளயே உக்காந்து அரிச்சுரும். ரெண்டுல ஒண்ணுதாண்ணே. ரெண்டையும் செஞ்சு வெச்சுராதீங்க!"

இரண்டையும் செய்ய முடியாத யோசனை அவருக்குக் கிடைப்பது ஆயுளில் இதுதான் முதல் தடவை. லென்ஸின் விளிம்பை நக்கிப் பார்த்தார். யங்கோனா குடித்த நாக்கு மரத்துக் கிடந்தது. உப்பும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. ஜோனெட்டானியை நக்கச் சொன்னார். அவனும் அதே பாயில் உட்கார்ந்து அதே கிண்ணத்தில் குடித்தவன். பாதிரியார் இரண்டு கிண்ணம் கூடுதல்.

மெரெவாய் வாளியில் மொண்ட பீப்பாயைப் பிள்ளைகள் காலியாகிறபோதெல்லாம் ஒரு தடவை குழாயிலிருந்து நிரப்பியிருந்தார்கள், ஒரு தடவை கடலிலிருந்து நிரப்பியிருந்தார்கள். இப்போது அது காலி. அபிசாய் சட்டியைத் தூக்கிக்கொண்டு சமையல் கொட்டகைக்குப் போனார். பெண்கள் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மெரெவாய், வாளியில என்ன தண்ணி?"

"ஏன் மச்சான், இன்னொரு வாளி வேணுமா?"

"வெளையாடாத. கடல் தண்ணியா, குழாத் தண்ணியா?"

"எங்க மாமியா கால் கழுவுன தண்ணி."

கொட்டகை குலுங்கியது. அபிசாயும் முறைப்படி சிரித்துவைத்தார். "நெசத்தச் சொல்லு தாயீ."

"தவுவுகிட்ட வந்து நெசம் கேக்குற ஆள இன்னிக்கித்தான் பாக்குறேன். எளநி மச்சான், எளநி. உன் சூட்டுத் தலைக்கு நல்லதுன்னு ஊத்துனேன்."

அபிசாய் இன்னொரு தடவை சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. உதடு கீழ்நோக்கிப் போனது. "உன் தம்பி சனிக்கெழம போயிருவான். இது காயலன்னா வெறுங்கையோட போவான். அவன் திரும்பி வர்றப்ப அந்தப் புள்ள நடக்கப் பழகியிருக்கும் மெரெவாய். அதோட இப்ப இருக்குற மூஞ்சிய அவன் எங்க போயிப் பாப்பான்?"

தவுவுக்காரியின் முன்னால் ஒருவன் அழுகிற முகத்தோடு நிற்பதை அந்தப் பெண்கள் பார்த்ததே இல்லை. உரித்த கிழங்கோடு கைகள் அப்படியே நின்றன.

மெரெவாய் எழுந்தாள். காலையிலிருந்து வெறும் தேநீர் குடித்த வாய் அவளுடையது. அரிசியிலிருந்து லென்ஸை எடுத்தாள், மாவை ஊதினாள், திருகுகிற வளையத்தைச் சுற்றி நாக்கால் ஒரு வட்டம் போட்டாள். முகம் மாறியது. ஆனால் இது தவுவுக்காரியின் முகமா, ஜோனெட்டானியின் அக்கா முகமா? அபிசாயால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"உப்பு" என்றாள்.

மழைத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு பாத்திரம் நிறைய மொண்டு வந்து, லென்ஸை அதற்கு மேலே பிடித்தாள். "முக்கட்டுமா மச்சான்?" வாயோரம் ஒரு சிரிப்பு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"முக்க விட்டுராதப்பா, வெளையாடுறா அவ" என்றார் பின்னாலேயே வந்த பாதிரியார்.

"அக்கா இப்ப வெளையாடல" என்றான் ஜோனெட்டானி. அவன் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அபிசாய் தன் பெரிய கையால் மெரெவாயின் மணிக்கட்டைப் பிடித்தார். கண்களை இறுக மூடிக்கொண்டு, லென்ஸோடு சேர்த்து அவள் கையைத் தண்ணீருக்குள் அமுக்கினார்.