டைகரை நடக்க வச்சுப் பாத்த மிஸ்

நனைஞ்ச நாய் வாசம், அதோட அடுப்புப் புகை... இந்த ரெண்டும் சேந்து எங்க அடிச்சாலும் நான் மனசால பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருவேன்.

ஏ.எல். பரீட்சை முடிச்ச கையோட கெடச்ச மொத வேலைங்க அது. நிரோஷான்னு ஒரு மிஸ், மிருக டாக்டர், வயசான நாய்ங்களை வச்சு ஆராய்ச்சி பண்ண எங்க தோட்டத்துக்கு வந்தாங்க. சிங்களவங்க, தமிழ் அரைகுறை. அதனால பேச்சை மாத்திச் சொல்லவும் கூடமாட உதவவும் நான்.

"எலியைக் கூண்டுல வச்சும் பாக்கலாம். ஆனா இந்த நாய்ங்க உங்களோட அதே குளிர்ல, அதே புகையில, அதே படியில வயசாகுது. இதுங்க எப்படித் தளருதுன்னு பாத்தா, மனுசர் தளர்றதும் வெளங்கும்"னு சொன்னாங்க.

எனக்கு சிரிப்பு. இவ்வளவு படிச்சிட்டு நாய் பின்னாடியா!

படுத்த நாய் எப்படி எந்திரிக்குது, லயத்து வீட்டு வாசல்ல எவ்வளவு வேகமா நடக்குது, படி ஏறுதா, பின்னங்கால்ல சதை இருக்கா... மாசா மாசம் அதே நாயைப் பாக்கணும். யாரும் கை குடுக்கக் கூடாது.

கூத்து என்னன்னா, மொத நாளே வீரம்மா அக்கா வேற நாயைக் கொண்டாந்து நிறுத்திட்டாங்க! அக்கா கொழுந்து எடுக்குறவங்க, ரிட்டயராக இன்னும் கொஞ்ச வருசம். அவங்க டைகர் கெழடு. வந்ததோ துள்ளிக்கிட்டு நிக்குது, நெத்தியில பொட்டு வேற.

மிஸ் அதோட பல்லைப் பாத்தாங்க, வயசு தெரிஞ்சிருச்சு. திட்டல. "டைகர் எங்க அக்கா?"ன்னாங்க.

"ஏலாத நாய்னு எழுதிக்கிட்டுப் போயி, அப்புறம் ஊசி போட்டுக் கொன்னுருவீங்க..." அக்காவுக்கு கண்ணு கலங்கிருச்சு.

மிஸ் தரையில சாக்கு மேலயே உக்காந்து பையைக் கவுத்துக் காட்டுனாங்க. ஊசியே இல்ல. அப்புறம்தான் கட்டிலுக்கு அடியிலருந்து டைகர் வந்துச்சு.

படியில முன்னங்கால் வச்சுச்சு. பின்னங்கால் வரல. அக்கா தூக்கப் போனாங்க.

"வேணாம் அக்கா. ஏலலன்னா அது அவன் குத்தமா? தெரிஞ்சாதானே ஏதாவது செய்யலாம்."

அன்னைக்கே படியில சாய்வா ஒரு பலகை போட வச்சாங்க. ஒரு கெழட்டு நாய்க்கு இவ்வளவு மரியாதை குடுத்த ஆளை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

அப்புறம் ஒரு மத்தியானம், எல்லாரும் போன பிறகும் அக்கா அசையல.

"மிஸ்... என்னையும் ஒருக்கா நடக்க வச்சுப் பாருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சரிவுல ஏறுறப்ப கால் நடுங்குறதை அக்கா எல்லார்கிட்டயும் மறைச்சிருக்காங்க. கங்காணிக்குத் தெரிஞ்சா பேரை வெட்டி வேலையை விட்டு நிப்பாட்டிருவாங்கன்னு பயம்.

"நான் மனுசருக்கு டாக்டர் இல்லயே அக்கா"ன்னாங்க மிஸ். ஆனா மறுநாளே தன் வண்டியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, கிளினிக் முடியிற வரைக்கும் பக்கத்துலயே நின்னாங்க. சக்கரை, சத்துக் கொறைவு. மருந்து குடுத்தாங்க, காலுக்கு எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்தாங்க. அக்கா ரிட்டயர் ஆகுற வரைக்கும் மலை ஏறுனாங்க. மிஸ்ஸை நெனச்சா இப்பவும் கையெடுத்துக் கும்பிடத் தோணும்.

இப்ப நான் கொழும்புல. அம்மா தோட்டத்துல தனியா. தெனம் வீடியோ கால். "எப்படிம்மா இருக்கீங்க?"ன்னா, "எனக்கென்ன, ஜம்முன்னு இருக்கேன்"னு சிரிக்கிறாங்க. அப்ப நாயைக்கூட நடக்க வச்சுப் பாத்தோம்... இப்ப பெத்த அம்மாவோட முகம் மட்டும்தான் தெரியுது.

நேத்து கேட்டுட்டேன். "அம்மா, போனை அங்க வச்சிட்டு கொஞ்சம் எந்திரிச்சு நடந்து காட்டுங்க."

"சிக்னல் சரியில்ல புள்ள"ன்னு காலை கட் பண்ணிட்டாங்க.