கட்டில் வீடியோவுக்குக் கீழே நான் எழுதியது

ஒரகடம் கம்பெனிகளுக்கு மெஷின் வந்திறங்கும் பெரிய மரப்பெட்டிகளை வாங்கிப் பிரித்து, அந்தக் கட்டையில் என் அண்ணன் கட்டில் செய்வார். வடக்குப்பட்டில் ஒரு ஷெட். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் டிப்ளமா வரைக்கும் படித்தவன் நான்தான். அதனால் கட்டிலைப் போனில் வீடியோ எடுத்து, நெட் சென்டரில் உட்கார்ந்து ஒரு வீடியோ தளத்தில் ஏற்றியதும் நான்தான்.

குன்றத்தூரில் பெண்கள் ஹாஸ்டல் திறக்கவிருந்த ஒரு அம்மாவுக்கு அதன் லிங்கை அனுப்பினோம். முப்பது கட்டில் கேட்டிருந்தார். அண்ணனுக்கு அவ்வளவு பெரிய ஆர்டர் அதுவரை வந்ததே இல்லை.

மறுநாள் அந்த அம்மாவே போன் செய்தார். "இன்னா தம்பி, தொறந்தா வீடியோவே இல்ல. ஏமாத்து வேலைன்னு எடுத்துட்டதா இங்கிலீஷ்ல போட்டுக்கீது. பொண்ணுங்க தங்குற எடம்பா. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அண்ணன் உளியைக் கீழே வைத்தார். "திருட்டுக் கட்டைன்னு எவனாவது எழுதிப் போட்டுட்டானாடா? பில்லு போட்டுத்தான வாங்கினு வரேன்."

நெட் சென்டருக்கு ஓடி, அந்தத் தளத்திலிருந்து வந்திருந்த மெயிலைத் திறந்தேன். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். விற்கிற பொருளைக் காட்டுவது தப்பில்லையாம். வீடியோவில் இல்லாததை எழுதி ஆளை இழுப்பதுதான் தப்பாம். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நிறையப் பேர் பார்க்கட்டும் என்று வீடியோவுக்குக் கீழே ஏழெட்டு சினிமா நடிகர்களின் பெயரை எழுதி வைத்தது நான்.

அண்ணனிடம் மறைக்கவில்லை. "தப்பு உன் கட்டில்ல இல்லண்ணே. நான் எழுதுனதுல."

முறைத்தார். "படிச்சவன் பண்ற வேலையாடா இது? கட்டில் வாங்க வர்றவனுக்கு நடிகரு எதுக்கு, கால் அமுக்கவா?" பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார். "போனப் புடி. இந்தத் தபா நானே பேசறேன்."

பேசினார். இது பழைய பெட்டிக் கட்டை, ஆணி ஓட்டை தெரியும், ஆடினால் திருப்பிக் கொடுக்கலாம் என்று விரலை வைத்துக் காட்டியே சொன்னார். நான் கட்டிலைப் பற்றி மட்டும் எழுதி, ஒவ்வொரு சொல்லையும் விதிகளோடு ஒத்துப் பார்த்து ஏற்றினேன். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். வீடியோ மேல் யாரும் கை வைக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு நடந்ததை அப்படியே சொல்லிப் புதியதை அனுப்பினேன்.

"ஆணி ஓட்டைய அவரே காட்டறாரே," என்றார். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. "முப்பதும் அவரையே செய்யச் சொல்லு."

கட்டில்களை லாரியில் ஏற்றிய நாளன்று அண்ணன் முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். அடுக்கின் உச்சியில் ஏறி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குன்றத்தூர் வரைக்கும் சாமி ஊர்வலம் போவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். பின்னால் பைக்கில் வந்த நான் வழியெல்லாம் ஹாரன் அடித்தேன்.